அந்த ஒரு கிலோ பட்டைப் பொடி

தொடாதம்மா! ட்ரிப் குழாய்ல இருக்கற அந்த உருளையத் தொடாத. மெதுவாத்தான் சொட்டணும், அப்படித்தான் அளந்து வெச்சிருக்காங்க. சீக்கிரம் முடியட்டும்னு நீ திருகிவிட்டா மடமடன்னு உள்ள எறங்கிடும், இந்தப் பெட்டி கீச்சு கீச்சுன்னு கத்தும், நர்ஸ் பென்ட ஓடி வந்துடுவா. நீ ட்ரூல்ஸ வெளிய தொரத்தினியே, அதே மாதிரி உன்னத் தொரத்துவா. அப்புறம் மாமியாரும் மருமகனும் வராண்டாவுல மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருங்க.

சரி சரி, மருமகன் இல்ல. நாலு வருஷமா என்கூடக் குடித்தனம் பண்றவன். போதுமா? உக்காரு. கோட்டக் கழட்டு.

ஆமா, சிரிக்கிறேன். சிரிக்காம என்ன பண்ணச் சொல்ற? நான் என்னமோ கூரை மேல ஏறி உக்காந்து ஊர வேடிக்க பாக்கற மாதிரி இருக்கு. மருந்துதான். ஆம்புலன்ஸ்ல ஒரு ஊசி போட்டாங்கல்ல, வலிப்ப நிறுத்தறதுக்கு, அது தலைய இப்படிக் கிறுகிறுக்க வெச்சிருக்கு. இப்ப சொட்டுறது வேற. இது நான் தெனம் முழுங்கற மருந்தேதான். மாத்திரை வயித்துல நிக்காததால நேரா ரத்தத்துக்கே அனுப்பறாங்க. வாய் வேலை செய்யலன்னா கை வழியா, அவ்ளோதான் விஷயம். பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்ல. தூக்கம் வரும், தலை சுத்தும், எழுந்து நடக்காத, வண்டி ஓட்டாதன்னாங்க. அதான் கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் கம்பி ஏத்தி விட்டுருக்காங்க, பாரு, தொட்டில்ல போட்ட மாதிரி.

இங்க பாத்தியா, தட்டுல கொடி குத்தி வெச்சிருக்காங்க. இன்னிக்கு என் முப்பதாவது பெறந்தநாளாம், அதுக்குத்தான்! சாப்பாடு இன்னும் தரல, கொடி மட்டும் வந்துருச்சு.

அச்... அச்சூ! ஐயோ. காதுக்குள்ள இன்னும் இருக்கும்மா மிளகு. டாக்டரம்மா குழாய வெச்சு நெஞ்சக் கேக்கலாம்னு குனிஞ்சாங்க பாரு, அவ்ளோதான், தும்மலான தும்மல். பென்ட ஜன்னல தொறந்து விட்டுட்டு, இந்த வார்டுல இப்படி ஒரு பேஷண்ட பாத்ததே இல்லன்னு சிரிக்கறா.

இல்லம்மா. மிளகால வரல. கேட்டுட்டேன், மொத வேலையா அதத்தான் கேட்டேன், நீ வந்ததும் இதத்தான் ஆரம்பிப்பன்னு எனக்குத் தெரியாதா? மிளகுக்குத் தும்மல்தான் வரும், வலிப்பு வராதுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. எழுதிக் குடுக்கச் சொல்லட்டுமா?

நீ கோபப்படு, வேணாங்கல. அண்ணன் எஸ்பெனும் ட்ரூல்ஸும் உன்கிட்டச் சொல்லாமத்தான் செஞ்சாங்க. சாயங்காலம் கேக்குக்கு வான்னு உன்னக் கூப்பிட்டுட்டு, காலைலயே என்ன மிளகுல முக்கி எடுத்துட்டாங்க. சொல்லியிருந்தா நீ விட்டுருப்பியா? என் இருபத்தஞ்சாவது பெறந்தநாளுக்கு என்னம்மா பண்ணின? எஸ்பெனுக்கு இருபத்தஞ்சாகி கல்யாணம் ஆகலைன்னதும் அவன மரத்துல கட்டி, தண்ணிய ஊத்தி நனைச்சு, தலையிலேருந்து கால் வரைக்கும் பட்டைப் பொடியக் கொட்டினீங்க. மொதக் கை யாரு? நீ! பெத்த புள்ள வாய்க்குள்ளயே போட்டியேம்மா. மூணு வாரம் அவன்மேல பட்டை போட்ட பன் வாசனை. இருபத்தஞ்சுல பட்டை, முப்பதுல மிளகுன்னு, கல்யாணம் ஆகாத ஒருத்தரையாவது ஊர்ல விட்டு வெச்சிருக்கீங்களா? அடுத்து என் முறை வந்துச்சு. காலைலயே எழுந்து, பழைய சட்டையப் போட்டுக்கிட்டு, தலைய இறுக்கிக் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறேன். யாரும் வரல. உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சீங்க. மெழுகுவத்தி ஒண்ணு, கேக்கு ஒண்ணு, எல்லாரும் ரகசியம் பேசற மாதிரி பாட்டுப் பாடினீங்க. எனக்கு அப்படியே எங்கயாவது ஓடிப் போயிடலாம்னு இருந்துச்சும்மா. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, நான் நம்ம ஊர்ல எல்லார மாதிரியும் கெடையாதுன்னு.

அழாத. இப்ப ஏன் அழற? நான் சண்டை போடல, கதை சொல்றேன். அதுவும் சந்தோஷமா.

இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா? கதவத் தொறக்கறேன், வாசல்ல ரெண்டாளு உயரத்துக்கு ஒரு மிளகு அரைக்கற மெஷின்! காலி டீசல் டிரம்ம ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, வெல்டிங் பண்ணி, செவப்பு பெயின்ட் அடிச்சு, மேல என் பேரப் போட்டு, மாரென் முப்பதுன்னு பெருசா எழுதி வெச்சிருக்காங்க. ரோட்டுல போற பஸ்ஸெல்லாம் ஹார்ன் அடிச்சுட்டுப் போவுது. நான் குதிச்சேன்மா. முப்பது வயசு, கல்யாணம் ஆகல, ஊரே சிரிக்குது, நான் குதிக்கறேன்! எஸ்பென் தோட்டத்து ஹோஸ எடுத்து என்ன நனைக்கறான், விளக்குக் கம்பத்துல கட்டறாங்க, பொடி வருது பாரு, மூட்டை மூட்டையா! கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க்கு. பக்கத்து வீட்டுக் கிழவர் ஜன்னல்லேருந்து சமையல் மிளகு டப்பாவ எடுத்து ஆட்டறாரு. அதுல ரெண்டு தூவல்தான் இருந்துச்சு, பாவம்.

கட்டினது தப்பா? யாரு கட்டினா, எப்படிக் கட்டினான்னு கேட்டியா? ட்ரூல்ஸ் கட்டினான். கயிறு இல்ல, சைக்கிள் டியூப். ஒரு முனைய இழுத்தா மொத்தமும் அவுந்துடற மாதிரி முடிச்சு. ஒரு வாரமா நாற்காலியக் கட்டிக் கட்டி இழுத்துப் பழகினான், எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு. கம்பத்தச் சுத்தி நம்ம வீட்டு மெத்தை. அது மேல கொடித் துணியப் போட்டு மறைச்சிருந்தான், எனக்கு வெக்கமா இருக்கக் கூடாதுன்னு. மத்தவங்க எல்லாம் ஆடிக்கிட்டு இருந்தாங்க. அவன் மட்டும் என் பக்கத்துலயே, முடிச்சோட முனையக் கையில புடிச்சுக்கிட்டு நின்னான். எனக்குக் கை இழுத்துச்சாம், நான் ஆடறேன்னு எல்லாரும் கை தட்டினாங்களாம். அவன் ஒரே இழுப்பு. மெத்தையில சாச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, வாயில ஒண்ணும் திணிக்காம, கடிகாரத்தப் பாத்துக்கிட்டே இருந்தான். அஞ்சு நிமிஷத்துல நிக்கலைன்னதும் ஆம்புலன்ஸ். எஸ்பென் ஸ்பூன் எடுத்துட்டு ஓடி வந்தானாம், பல்லுக்கு நடுவுல வெக்கறதுக்கு. அவன ட்ரூல்ஸ் தள்ளிவிட்டதுல உன் புள்ள பூச்செடிக்குள்ள விழுந்தான். அந்த ஆளத்தான் நீ வராண்டாவுல நிக்க வெச்சிருக்க. மிளகோட.

இல்ல, தப்பு அவன் மேல இல்ல. தப்பு என் மேலதான். நாலு நாளா வாந்தி. காலைல மாத்திரை போட்டா அடுத்த நிமிஷமே வெளிய. இன்னொண்ணு போட்டேன், அதுவும் வெளிய. எனக்குத் தெரியும்மா. மாத்திரை தங்கலைன்னா இங்க வா, ஊசியில ஏத்திடறோம், ஒரு வேளை கூட விட்டுடாதன்னு டாக்டரம்மா தலைகீழா நின்னு சொல்லியிருக்காங்க. ஆனா வந்தா படுக்க வெச்சுடுவாங்க. படுக்க வெச்சா மிளகு போயிடும். அஞ்சு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன், வாந்திக்காக அத விடுவேனா? ட்ரூல்ஸ்கிட்ட கூடச் சொல்லல. குழாயத் தொறந்து விட்டுட்டு சத்தம் கேக்காம வாந்தி எடுத்தேன். அவனுக்குத் தெரிஞ்சிருந்தா மெஷினத் தூக்கிப் போட்டுட்டு என்ன இங்க கொண்டு வந்து போட்டிருப்பான்.

சரி, முட்டாள்தான். டாக்டரம்மா இதவிட மோசமாத் திட்டினாங்க, தும்மிக்கிட்டே.

சொட்டிக்கிட்டுத்தான் இருக்கு, பாதி ஆயிடுச்சு. அங்க பாக்காத, என்னப் பாரு. கைப்பைக்குள்ள என்ன தேடற? அம்மா. அந்தப் பழைய மாத்திரையா? இன்னுமா அத வெச்சிருக்க? உள்ள போடு. நீயா எதுவும் குடுக்கக் கூடாது, இங்க என்ன ஏறுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அந்த மருந்தவே ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாத்தியாச்சே. ஏன் மாத்தினாங்கன்னு மறந்துட்டியா? பின்னால கொழந்தை பெத்துக்கற எண்ணம் இருந்தா அது ஆகாது, கொழந்தைக்குக் கெடுதல்னாங்க. நீ அன்னிக்கு என்ன சொன்ன? உனக்கெதுக்கு அந்த வம்பெல்லாம், உன் உடம்ப நீ பாத்துக்கிட்டா போதும்னு சொன்ன. நானும் தலையாட்டினேன். ஆனா மாத்திக்கிட்டேன்.

பரவால்ல விடு. நீ சொன்னது பயத்துல. எனக்குப் பதினாலு வயசுல, வலிப்பு வந்து முழுகினப்ப, பள்ளிக்கூட நீச்சல் குளத்துலேருந்து என்னத் தூக்கினது நீதான். அந்தப் பயம் உனக்கு எப்படிப் போவும்? எனக்கே போவலையே. இன்னிக்கு இங்க கண்ணு முழிச்சப்ப, ஐயோ, இனிமே ட்ரூல்ஸும் என்னப் பஞ்சுல பொத்தி வெச்சுடுவானேன்னுதான் மொதல்ல அழுதேன். நீ லெம்விக்குக்கே, உன் வீட்டுக்கே என்னக் கூட்டிட்டுப் போயிடுவன்னு அடுத்து அழுதேன். வரமாட்டேம்மா. அங்க என் பழைய ரூம எனக்காகத் தயார் பண்ணாத. எங்க வீட்டுக்குத்தான் போவேன், அந்த மெஷின் வாசல்லயே நிக்கும், துருப்புடிச்சு விழற வரைக்கும்.

அட, முக்கியமானத மறந்துட்டேன் பாரு. எஸ்பென்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அவன் போன வாரம் செஞ்சு போட்ட சிப்பியாலதான் வாந்தின்னு மனசுக்குள்ள அவன அவ்ளோ திட்டினேன். நீ ரெண்டு தட்டு சாப்பிட்ட, உனக்கு ஒண்ணும் ஆகல. ட்ரூல்ஸ் சட்டியையே நக்கினான், அவனுக்கும் ஒண்ணும் ஆகல. எனக்கு மட்டும் நாலு நாளா, அதுவும் காலைல. எனக்கு மண்டையில ஏறவே இல்லம்மா. டாக்டரம்மாவுக்குத்தான் ஏறுச்சு.

இந்த பாட்டில மாட்டறதுக்கு முன்னாடி கேள்வி கேட்டாங்க. எல்லாரையும் கேக்கறதுதான். அலர்ஜி உண்டா, சிறுநீரகம் ஒழுங்கா இருக்கா, வேற என்ன மருந்து சாப்பிடற, வயித்துல கொழந்தை இருக்கா. நான் சிரிச்சேன். எதுக்கும் பாத்துடலாம்னு ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் திரும்பி வந்தாங்க. கதவ மூடிட்டு, பக்கத்துல உக்காந்தாங்க. இந்த மருந்தே இருக்கட்டும், மாத்தவேணாம்னாங்க. ஆனா மாசாமாசம் ரத்தத்துல அளவு பாக்கணும், வயிறு பெருசாக ஆக மருந்தும் ஏறணுமாம். வாந்தி வந்தா நேரா இங்க, ஒளிச்சு வெக்கற வேலையே கூடாது. எல்லாம் நல்லபடியா நடக்கும்னு சத்தியம் பண்ணிக் குடுக்க முடியாது, ஆனா என்ன மாதிரி எத்தனையோ பேர் நல்லபடியா பெத்து வளக்கறாங்கன்னாங்க. சாயங்காலம் ஸ்கேன்ல பாக்கணும். நீயும் உள்ள வரணும், என் கையப் புடிச்சுக்கணும்.

ட்ரூல்ஸுக்கு இன்னும் தெரியாது. உனக்குத்தான் மொதல்ல சொல்றேன். மூச்சு விடும்மா! அட, பென்டவக் கூப்பிடட்டா, உனக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லி?

கண்ணத் தொடச்சுக்க. போய் கதவத் தொறந்து அவன உள்ள கூப்பிடு, நீயே கூப்பிடு, பேரச் சொல்லி. அப்புறம் இன்னொண்ணு. என் இருபத்தஞ்சாவது பெறந்தநாளுக்கு எனக்காக வாங்கிட்டு, போடறதுக்கு மனசு வராம அலமாரிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சியே, ஒரு கிலோ பட்டைப் பொடி. எனக்குத் தெரியும்மா, அன்னிக்கே பாத்துட்டேன். அது இன்னும் இருக்கா? இருக்குல்ல? தூக்கிப் போட்டுடாத. என் வயித்துல இருக்கற இதுக்கு இருபத்தஞ்சு வயசு ஆகி, கல்யாணமும் ஆகாம நின்னுச்சுன்னு வெச்சுக்க, மொதக் கை நீதான் போடணும்.