ஆறு மாசத்துக்கு ஒருக்கா

ஒரே ஒருத்தன் பண்ணுன வேலம்மா இது. பழுத கண்டுபுடிச்சாச்சு, சரிபண்ணி எழுதியும் முடிச்சாச்சு. அப்பறமும் வெளிய வராம கெடந்துச்சுன்னா அவனாலதான். எழுபத்திரெண்டு நாளு.

உக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், இதுல உக்காருங்க. அத்திப்பள்ளி தாண்டவே ஒரு மணி நேரம் ஆயிருக்குமே. சுஜாதாம்மா, நீங்க புதுசு, ரிலீஸ் பொறுப்பு போன மாசந்தான் உங்க கைக்கு வந்துச்சு. உங்கள திட்டல. யாருன்னு சொல்றேன், இருங்க.

அதோ, தகடு அடிக்குற மூணாவது பிரஸ். ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்குனாத்தான் எறங்கும். கை ரெண்டும் பட்டன்ல இருந்தா அடியில இருக்காதுல்ல. எங்க ஆளுங்க ஒரு பட்டன சைக்கிள் ட்யூப்பால இறுக்கிக் கட்டிருவாங்க. ஒரு கை ஃப்ரீ, வேல ஓடும். கட்டாதீங்கன்னு கத்துவேன். கத்திட்டு சாயங்காலம் எத்தன பீஸுன்னும் கேப்பேன். அவங்க என்னதான் பண்ணுவாங்க.

அதுக்குத்தான் உங்க சாஃப்ட்வேர போட்டோம். பட்டன கட்டியிருந்தா பிரஸ் எறங்காது. யார் வேணா சும்மா எடுத்துக்கலாம், குறை இருந்தா யார் வேணா எழுதலாம். நான் எட்டாவதோட நின்னவன், நானே மூணு குறை எழுதிப் போட்டுருக்கேன். தமிழ்லதான். பதிலும் வந்துச்சு.

அந்தப் பழுது, நீங்க சொல்ற பக்கு, என்னான்னா, கரண்டு போயி வந்தா அது கட்டுன பட்டன பாக்க மறந்துரும். காவேரிப்பட்டினத்துப் பட்டறைக்காரர் ஒருத்தர் கண்டு எழுதுனாரு, அஞ்சே நாள்ல சரிபண்ணிட்டாங்க. ஆனா ரிலீஸ் ஆறு மாசத்துக்கு ஒருக்கா, அடுத்தது ஜனவரிலதான். இல்லம்மா, ரிலீஸ் ஆகாம கெடக்குறத எடுத்து மெஷின்ல ஏத்த எங்களுக்கு எங்க தெரியும். ரிலீஸ்னு வந்தாத்தான் எடுப்போம்.

எங்க ஆளுங்களுக்கு அந்த பக்கு உங்களுக்கு முன்னாடியே தெரியும். மெயின் சுவிட்ச ஒருக்கா அணைச்சுத் திரும்பப் போடுவாங்க, அப்பறம் ட்யூப்ப கட்டுவாங்க. அந்த மாசம் பீஸு ஏறுச்சு. ஏன் ஏறுச்சுன்னு நான் கேக்கல.

கிருபாராணி, மத்திகிரியில வாடகைக்கு இருக்குது. எட்டு வருஷமா இந்த பிரஸ்லதான். எடது கை தகட்டுல இருக்குறப்பவே வலது கை பட்டன தட்டிருச்சு. ரெண்டு வெரலு. மோதிரத்த ஆஸ்பத்திரில என் கையில குடுத்தாங்க. இந்தா, இன்னும் சட்டப் பையிலதான் இருக்குது. அவங்க வீட்டுக்காரர் அருள்ஜோசப்புகிட்ட குடுக்கணும். ரெண்டு தடவ வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்.

ஆறு மாசம்னு யாரு முடிவு பண்ணதுன்னா கேக்குறீங்க? போன வருஷம் கிருஷ்ணகிரில பட்டறைக்காரங்க கூட்டம். உங்களுக்கு முன்னாடி இருந்த குருமூர்த்தி, பக்க சரிபண்ணுன உடனே ரிலீஸ் விட்டுரலாம், வாரா வாரம் வந்தாலும் நல்லதுதான்னாரு. ஒருத்தன் எழுந்தான். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் மெஷின நிறுத்தணும், ஆர்டர் குடுக்குற கம்பெனிக்குப் புதுசா சாம்பிள் அடிச்சுக் காட்டணும், ஒரு ஷிப்ட் போச்சுய்யா, உனக்கென்ன ஏசில உக்காந்திருக்கன்னு ஏறுனான். குருமூர்த்தி மாசத்துக்கு ஒருக்கான்னு எறங்குனாரு. விடல. மூணு மாசம்னாரு. அதுக்கும் விடல. ராயக்கோட்டை மண்டியில தக்காளிக் கூடை தூக்கி, பேரம் பேசியே வளந்த வாயி. ஆறு மாசம்னு அந்தாளு கை குடுக்குற வரைக்கும் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க விடல. எல்லாரும் கைதட்டுனாங்க. எனக்கு அன்னிக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

ஆமாம்மா. நாந்தான்.

அதனால ஜனவரின்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. ஓட்டிப் பாக்கணும்னா பிரஸ்ஸு இருக்குது, காலையிலயே நிறுத்தி வச்சிட்டேன். இன்னும் பத்து பட்டறையில அந்த ட்யூப்பு கட்டியே இருக்குது. இனிமே கை போற பக்கு எதுவா இருந்தாலும் சரிபண்ணுன அன்னிக்கே வெளிய வரணும். என்ன மாதிரி ஒருத்தன் எழுந்து ஷிப்ட் போச்சுன்னு கத்துவான். கத்தட்டும், நீங்க எறங்காதீங்க. லேப்டாப்ப தொறங்க. இப்பவே விடுங்க, நான் பாக்கணும்.