கீறாமல் விட்ட பலகை

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் கணவரை இழந்து அமர்ந்திருக்கும் உம்மல் குல்சும் அக்கா அவர்களே, கலை அன்பர்களே! இந்த ஓராண்டில் நம் கோவை எத்தனை இரங்கல் கூட்டங்களைப் பார்த்துவிட்டது! இன்று மரச்செதுக்கு ஓவியர் ஜபருல்லா அவர்களுக்காகக் கூடியிருக்கிறோம்.

போத்தனூர் அச்சுக்கூடத்தில் அவரும் நானும் ஒரே மேசையில் வேலை செய்தோம். கலவரம் ஓய்ந்ததும் அச்சிடுவதற்காக அவர் பலகையில் செதுக்கிய படத்தை மறக்க முடியுமா? ஒரு வண்டி. முன்னால் கொழுத்த காளை, பின்னால் மெலிந்த காளை. இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. வண்டிக்குள் ஒரு குழந்தை.

படத்தைப் பார்த்து இரு மதத்தாரும் கொதித்தார்கள். "ஏனுங்க பாய், எங்க மாட்டை எதுக்கு எளைச்சாப்பல செதுக்குனீங்க?" என்றார் ஒருவர். மறுநாள் ஜபருல்லாவின் சொந்தத் தெருக்காரரே வந்து அதையே கேட்டார். ஜபருல்லா சிரித்தார்.

"பலகைல அது வலது பக்கமுங்க. அச்சடிச்சாத் திரும்பிக்கும், காயிதத்துல எடது பக்கமுங்க. நீங்க எந்தப் பக்கம் நின்னு சண்டை போடறீங்க? மொதல்ல உள்ள இருக்கற கொழந்தையப் பாருங்க!"

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டிய படிகளை எடுத்து முடித்ததும் பலகையின் குறுக்கே உளியால் கீறிவிடுவோம். பிறகு அதில் யாரும் அச்சிட முடியாது. இந்தப் பலகையை மட்டும் அவர் கீறவில்லை. ஏன் என்று கடிந்துகொண்டேன். "இருக்கட்டும் அம்மணி, இதுக்கு இன்னும் வேலை முடியலீங்களே" என்றார்.

மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. நேற்று குல்சும் அக்கா பலகையை என் மடியில் வைத்தார். "வம்பு வேண்டாம்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்களே கீறிப்போடுங்க அம்மணி" என்றார். சொல்லும்போதே முந்தானையால் பலகையின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உளியை எடுத்தேன். எங்கே கீறுவது? காளைகள் மேல் கீறினாலும் கோடு குழந்தையின் குறுக்கேதானே போக வேண்டும்! என் கை எழவில்லை.

ஜபருல்லா அவர்களே! உங்கள் படத்தை மீண்டும் அச்சிடுவோம். கேட்கும் கல்லூரிக்கும் கொடுப்போம், கேட்காத தெருவிலும் ஒட்டுவோம். அக்கா, உங்களுக்கும் ஒரு வாக்கு. அந்தக் குழந்தையை வண்டியிலிருந்து பத்திரமாக இறக்கிவிட்டோம் என்று இந்த ஊர் சொல்லும் நாளில், உளியை உங்கள் கையில் தருவேன். அன்று நீங்கள் கீறுங்கள்.