காவிரி போல வரும் மணப்பெண்

“காவிரின்னு எழுதாத மச்சான், கல்யாணமே நின்னு போயிடும்.”

மன்னார்குடி பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்து இந்தக் குரல் வந்தது. ஒட்டுக்கேட்பது தவறுதான்; ஆனால் மடியில் குழந்தை தூங்கும்போது நான் எங்கே எழுந்து போவது? துபாயிலிருந்து வந்திருந்த இளைஞர், நாளைக்குத் தங்கையின் கல்யாணத்தில் வாசிக்க வேண்டிய வாழ்த்துப்பாவைத் தன் மச்சானிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

“‘காவிரி போல வருவாள் எங்கள் தங்கை.’ இதுல என்ன தப்பு? துபாய்ல உருதுக் கவியரங்கத்துல இதையே உருதுல வாசிச்சப்ப அவ்வளவு பேரும் கைதட்டுனாங்க.”

“அவங்க காவிரியப் பாத்திருக்காங்களா? மாப்பிள்ளை வீடு விவசாயக் குடும்பம்டா. பொண்ணு அம்மா வீட்டுக்குப் போனா, கோர்ட்டுக்குப் போய்த்தான் திரும்பக் கூட்டிட்டு வரணும்னு நினைச்சுக்குவாங்க.”

“அப்ப எப்படித்தான் எழுதுறது?”

“‘சொன்ன தேதிக்கு வருவாள்’னு எழுது.”

“இது கவிதையா?”

“வாசிச்சுப் பாரு. மாப்பிள்ளையோட அப்பா அழுதுடுவாரு.”

அவர் அடித்துத் திருத்தினார். சிரித்தால் குழந்தை விழித்துவிடுமோ என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சற்று நேரம் கழித்து அவர் கவலையோடு கேட்டார்.

“இதை துபாய்ல உருதுல வாசிச்சா யாரும் கைதட்ட மாட்டாங்களே மச்சான்?”

“அவங்களுக்குக் குழாயில தண்ணி வருதுடா.”