உயிர் கால் கிலோ

அவசரப்படாதே கண்ணு, உக்காரு. குக்கர் மேல பரண்ல கெடக்கு, டெலிவரிக்காரர் எடுக்கப் போயிருக்கார். பரிசு விழுந்தவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்ல, அதான் உன்னையே வரச் சொன்னேன். யாரு, உன் வீட்டுக்காரரா? அவர் கார்லயே இருக்கட்டும். இந்தத் தெருவுல வண்டியை விட்டு இறங்குனா அடுத்த நிமிஷம் தூக்கிட்டுப் போயிடுவாங்க. எதிர்லதான் நிக்கிறார். கண்ணாடி வழியா நம்மளையேதான் பாத்துக்கிட்டிருக்கார். அட, திரும்பாதே. நான் கை காட்டிடறேன். இதோ ஆச்சுங்க, இதோ! ம்... சிரிக்கிறார். நல்ல பல்வரிசை.

தண்ணி குடிக்கிறியா? சரி, வேண்டாம்னா வேண்டாம். ஏன் கையை சால்வைக்குள்ள இழுத்துக்கிறே, நான் ஒண்ணும் கேக்கலையே. சும்மா பேசிக்கிட்டிருப்போம். நான் பேசறேன், நீ கேளு. கடைக்காரிக்குப் பேச்சுதானே பொழப்பு.

உனக்கு ஒண்ணு தெரியுமா, மளிகை லிஸ்ட்டைப் பாத்தே வீட்டைச் சொல்லிடலாம். கடியாரம் ரிப்பேர் பண்றவர் சம்சாரம் இருக்கே, அது லிஸ்ட்டுல எதுக்கும் பேரே எழுதாது. அது ஒரு கிலோ, அந்த இன்னொண்ணு ரெண்டு பாக்கெட்டு, போன தடவை குடுத்தது வேண்டாம். அவ்வளவுதான்! நான் ஜோசியம் பாத்துதான் கட்டணும். அந்த நைட் டியூட்டி நர்ஸ் பொண்ணு, வயித்துக்கு ஏதாச்சும்னு ஒரே வரி அனுப்பும். டிரைவிங் ஸ்கூல்காரர் வீட்டுச் சீட்டு ஒரு சண்டைக் களம். அப்பா சாமானை எழுதுவார், மக அடியில சாக்லேட்டுன்னு எழுதுவா, அம்மா அடிச்சு விடுவா, மக மறுபடி எழுதுவா. கடைசியில அப்பா கையெழுத்துலயே ஒரு வரி இருக்கும், ரெண்டா போடுங்க, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னு.

ஆனா எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டது உன் லிஸ்ட்டுதான். ஞாபகம் இருக்கா? புதுசா குடி வந்தப்ப, பை நெறைய சிரிப்போட வருவியே. வெங்காயம்னு எழுத மாட்டே. அழுமூஞ்சி அரை கிலோ. மிளகாத்தூள்னா சண்டைக்காரி. சர்க்கரைக்கு என்ன? ஐஸ் வைக்க ஒரு கிலோ! அவர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குற நாள்ல இனிப்பா செஞ்சு ஐஸ் வைக்கணும்ல அக்கான்னு நீதான் சொன்னே. அப்புறம் காப்பித்தூள். உயிர் கால் கிலோன்னு எழுதுவே. நானும் என் மருமகளும் அதைப் படிச்சிட்டு அப்படிச் சிரிப்போம். இன்னிக்கும் எங்க வீட்டுல காப்பித்தூள் தீந்துபோச்சுன்னா, அத்தை, உயிர் போச்சுன்னுதான் கத்துவா.

ஆங், இப்ப லேசா சிரிச்சே. நான் பாத்துட்டேன்.

அப்புறம் உன் லிஸ்ட்டு நின்னு போச்சு. அவர் போன்லேருந்து மெசேஜ் வர ஆரம்பிச்சுது. அரிசி. பருப்பு. எண்ணெய். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு புள்ளி. சரி, பொண்ணுக்கு வேலை அதிகம் போலன்னு நெனச்சேன். அடுத்த மாசம் அரிசி பாதியா கொறைஞ்சுது. ரெண்டு பேருக்கு இது எப்படிங்க பத்தும்னு கேட்டேன். அவ டயட்டுல இருக்கா, அவளுக்கு எதுவும் எறங்கறதில்லன்னார். ஆனா பக்கத்து மெஸ்காரர் வேற சொல்றார். உன் வீட்டுக்காரர் ரெண்டு வேளையும் அங்கதான் ஒரு கட்டு கட்டுறாராம், முட்டையை மட்டும் எண்ணாம உள்ள தள்ளுறாராம். அப்ப அந்தப் பாதி அரிசி யாருக்கு? அதுலயும் மிச்சம் வந்துச்சோ என்னவோ, அதுக்கடுத்த மாசம் இன்னும் கொறைச்சார். உயிர் அன்னிக்கே லிஸ்ட்டுலேருந்து போயிடுச்சு. ஷாம்பூ போச்சு. மாசாமாசம் ஒரு பொம்பளைக்கு வேணுங்கிறது, அதுவும் போச்சு. நானா கேட்டப்ப, அதெல்லாம் தேவையில்லன்னு போனை வெச்சிட்டார்.

குளிருதா? ஃபேனைக் கொறைக்கட்டுமா? சரி சரி, அழாதே. அவர் பாக்கிறார். மூக்கைத் தொடைக்கிற மாதிரி தொடைச்சுக்கோ. மிளகாத்தூள் நெடின்னு நெனச்சுப்பார். நானும் தும்மறேன் பாரு. ஹச்!

போனதைவிட, புதுசா வந்ததுதான் என் தூக்கத்தைக் கெடுத்துச்சு. பூட்டு ஒண்ணுன்னு எழுதியிருந்தார். குடுத்து விட்டேன். மறுவாரம், இன்னும் பெருசா ஒண்ணு. வீட்டுல புதையல் இருக்காங்கன்னு கிண்டலாத்தான் கேட்டேன். எலித் தொல்லைன்னார். எலிக்கு யாராவது பூட்டுப் போடுவாங்களா கண்ணு? அப்புறம் பஞ்சு, பிளாஸ்திரி. அப்புறம் ஜன்னல்ல ஒட்டறதுக்குக் கறுப்புக் காகிதம். வெயில் கண்ணைக் கூசுதாம். உங்க வீட்டு ஜன்னல் எதிர்ச் சுவத்தைப் பாத்தது, அங்க வெயில் எட்டிக்கூடப் பாக்காதுன்னு எனக்குத் தெரியாதா!

முன்னெல்லாம் நீ டெலிவரிக்காரரை உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு ஏதாச்சும் கொறிக்கக் குடுப்பே. இப்ப கேட்டுக்கு வெளியிலயே வெச்சிட்டுப் போகணும்னு உத்தரவு. போன வாரம் மூட்டையை எறக்கி வெச்சிட்டு நிமிந்தவர் கண்ணுல அந்த ஜன்னல் பட்டிருக்கு. கறுப்புக் காகிதத்துல விரல் நொழையுற அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டைக்குப் பின்னாடி ஒரு கண்ணு. இமைக்காம அவரையே பாத்துச்சாம். கையை ஆட்டியிருக்கார். உள்ள ஏதோ சத்தம் கேட்டுச்சாம், கண்ணு காணாமப் போச்சாம். நாலு புள்ளை பெத்த மனுஷன், கடைக்கு வந்து இந்த எண்ணெய் டின்னு மேல உக்காந்துட்டார். அன்னிக்கு அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்ல.

நீதானே அது? ம். தலையை ஆட்டாதே, தெரிஞ்சிடும். கண்ணை மூடித் தொற, போதும்.

எனக்கு அதுக்கு மேல முடியல. உன் அண்ணனைத் தேடிப் பிடிச்சேன். லேத் பட்டறையில இருக்கார்னு நீ முன்ன சொல்லியிருந்தேல்ல. பட்டறை பட்டறையா ஏறி எறங்குனேன். பாவம், அவரும் சும்மா இல்ல. ரெண்டு தடவை வீட்டுக்கு வந்திருக்கார், நீ ஊர்ல இல்லன்னு திருப்பி அனுப்பியிருக்கார் உன் ஆளு. உன் அண்ணன் போலீஸ்லயும் சொல்லியிருக்கார். அவங்க வந்து கதவைத் தட்டுனப்ப, உன் வீட்டுக்காரர் உன்னை வாசல்ல நிக்க வெச்சு, தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, சொல்லும்மான்னிருக்கார். நீயும் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டே. வேற என்னதான் சொல்லுவே? பக்கத்துலயே நின்னா? அன்னிக்கு வந்த போலீஸம்மாவே சொன்னாங்க என்கிட்ட, அந்தப் பொண்ணு தனியா அஞ்சு நிமிஷம் கெடைச்சாப் போதுங்க, அவ வாயால ஒரு வார்த்தை வந்தாப் போதும்னு.

தனியா எப்படிக் கெடைப்பே? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். உன் வீட்டுக்காரருக்கு ஓசின்னா உசுரு. ஒரு பாக்கெட் உப்புக்கு ஸ்பூன் இலவசம்னா ரெண்டு தடவை கேட்டு வாங்கற ஆளு. அதான் போன் பண்ணேன், உங்க சம்சாரம் பேருல குக்கர் விழுந்திருக்குங்க, அவங்களே வந்து வாங்கிக்கணும்னு. மொதல்ல முடியாதுன்னார். சரிங்க, அடுத்த நம்பருக்குக் குடுத்துடறேன்னேன். பதறிப் போயிட்டார்.

என்ன முழிக்கிறே? நாங்க இந்தக் கடை வெச்ச நாளா பரிசும் குடுத்ததில்ல, சீட்டும் குலுக்குனதில்ல. பரண்ல பழைய அட்டைப் பெட்டிதான் இருக்கு.

இப்ப நான் சொல்றதைச் சிரிச்ச மொகத்தோட கேளு. உனக்குப் பின்னாடி கோணித் திரைக்கு அந்தப் பக்கம் என் மருமக நிக்கிறா. உன் ஒசரம்தான், உன் ஒடம்புவாகு மாதிரிதான். நான் இந்த அரிசித் தட்டைத் தூக்கிக் கடைக் கண்ணாடிக்கு முன்னாடி பிடிச்சுக் கல்லு பாக்கறேன். அதுக்குள்ள சால்வையை அவகிட்ட குடுத்துட்டு நீ குனிஞ்சு உள்ள போயிடு. அவ உன் எடத்துல உக்காந்துப்பா. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பேன். என்கிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். உள்ள மூட்டை ரூமுல ரெண்டு பொம்பளை போலீஸ் இருக்காங்க, சொல்ல வேண்டியதெல்லாம் அவங்ககிட்ட சொல்லு. பொறுமையா சொல்லு, அவங்க கேப்பாங்க.

ஐயோ, கார்க் கதவைத் தொறக்கிறார். எறங்கிட்டார். சரி, எறங்கட்டும். ரோட்டைத் தாண்டணும்ல.

போ கண்ணு. வாசப்படி ஒரு எட்டு பள்ளம், பாத்து எறங்கு. உன் அண்ணன் அங்கதான் நிக்கிறார், காலைலேருந்து பச்சத் தண்ணி கூடக் குடிக்கல.