ரான்வேய்க் அத்தையின் முகம்

பழைய நெகட்டிவ்களைக் கையுறை போடாமல் தொடக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய் பட்டால் முகம் கெட்டுவிடும். நான் ஒரு தடவைகூட வெறுங்கையால் தொட்டதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், சிக்னி. உன் அம்மாவுக்கு நான் செய்ததை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது நியாயமாக இருக்காது.

என் அப்பா எய்னார், ஏரியில் வலை போடாத நாட்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நம் கிம்லி ஊரைச் சுற்றியுள்ள பண்ணை வீடுகளுக்குப் போய்வருவார். அவர் எடுத்ததெல்லாம் படகுக் கொட்டகைப் பரணில் ஒரு தகரப்பெட்டியில் கிடந்தது. என் மருந்துக்கடையை விற்ற பிறகுதான் நான் அதைத் திறந்தேன். துடைத்து, ஸ்கேன் செய்து, யார் யார் என்று வீடு வீடாக விசாரித்து, ஐஸ்லாந்திலிருந்து கனடா வந்து குடியேறிய நம் ஊர்க்காரர்களின் இணையப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் போட்டேன். படத்தின் அடியில் ஒரே வரி: ‘படம்: எய்னார். சேகரிப்பு: ஹால்டோர்.’

உன் அம்மா லௌகா அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டுத் தன் பக்கத்தில் போடுவாள். “எங்கேருந்துதான் இதெல்லாம் பிடிக்கிறீங்க?” என்று ஜனங்கள் அவளைக் கொண்டாடுவார்கள். “எல்லாம் நம்ம வீட்டுச் சொத்துதான்” என்பாள்.

தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். சிரித்தாள்.

“டேய், செத்துப்போன நம்ம ஜனங்க மூஞ்சிடா அது. அதுக்குக் கீழ ஒன் பேரு எதுக்கு? நீயா பெத்தே?”

“அப்பா பேராவது இருக்கட்டும், லௌகா.”

“மாமா இருந்தா ‘எடுத்துக்கோ கண்ணு’ன்னு அள்ளிக் குடுத்திருப்பாரு. ஒன்ன மாதிரி மருந்துச் சீட்டு கேக்க மாட்டாரு.”

நூலகத்தில் போய் விசாரித்தேன். அங்கிருந்த பெண் பொறுமையாகவே சொன்னாள். “அவ்வளவு பழைய படத்துக்குக் காப்புரிமை எப்பவோ முடிஞ்சுபோச்சுங்க. ஸ்கேன் பண்ணதால உங்களுக்குப் புதுசா உரிமை வராது. பேரு போடறது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.”

நானும் மரியாதையைத்தான் கேட்டேன்.

லௌகாவுக்கு அவள் அம்மாவின் முகம் தெரியாது. என் அத்தை ரான்வேய்க் காசநோயில் போனபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். பிறகு வீடு எரிந்ததில் இருந்த படங்களும் போயின. கல்யாணமோ சாவோ, எங்கே போனாலும் வயதானவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, “எங்கம்மா எப்படி இருப்பாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். உனக்கே தெரியும்.

பெட்டியில் பெயர் எழுதாத நெகட்டிவ் ஒன்று இருந்தது. மீன் கொட்டகை வாசலில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பெண். யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதைப் பக்கத்தில் போட்டு ‘ரான்வேய்க்’ என்று எழுதினேன். லௌகா வழக்கம்போல வெட்டிப் பகிர்ந்ததும், கேட்காமல் எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு நீக்கிவிடுவதாக எண்ணம். ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும் வேலை.

அவள் உடனே கூப்பிட்டாள். வெகுநேரம் அழுகைதான் வந்தது.

“ஹால்டோர், என் தாடைடா. அப்படியே என் தாடை.”

சொல்ல வேண்டியதைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். அதற்கு முன் ஒன்று கேட்டேன். “கீழே பேரு போட்டியா?”

“என்ன பேரு?” என்றாள்.

அதனால் சொல்லவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவளாகப் பெயர் போடட்டும், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சமையலறையில் மாட்டினாள். காலையில் காப்பி போட்டதும் முதல் கோப்பையை அதன் முன்னால் வைத்துவிட்டுத்தான் தான் குடிப்பாள். அந்தப் பெண்ணைப் போலவே தலைமுடியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டத் தொடங்கினாள். நான் போனால் எனக்கும் காப்பி கொடுப்பாள். குடித்திருக்கிறேன்.

உன் அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு நான் வந்தது உண்மையைச் சொல்வதற்காகத்தான். நீ வெளியே டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தாய். அவள் படத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா என்னைத் தூக்கி வெச்சிருக்கற மாதிரி ஒண்ணு எடுத்திருப்பாராடா மாமா?”

“இல்ல லௌகா. அப்பல்லாம் ஃபிலிம் கெடைக்கறதே கஷ்டம்” என்றேன்.

தலையை ஆட்டினாள். “ஆமா. இது கெடைச்சதே பெருசு.”

சவப்பெட்டிக்குள் நீ அந்தப் படத்தை அவள் நெஞ்சின் மேல் வைத்தபோது அது கோணலாக இருந்தது. நேராக்கி வைத்தது நான்தான். அதே முகத்தைக் கல்லறைக் கல்லில் பதிக்கலாமா என்று கேட்டாய். நன்றாக இருக்கும் என்றேன். இப்போது அமெரிக்காவில் வட டகோட்டாவிலிருந்து எவனோ ஒருவன், அது மீன்பிடி முகாமில் சமையல் வேலை பார்த்த தன் பெரியம்மா என்று எழுதியிருக்கிறான். அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

நீ இன்னும் கேட்காத ஒன்றும் இருக்கிறது. இந்த உறையைப் பிரித்துப் பார். மேலே ‘ரான்வேய்க், லௌகா’ என்று இருப்பது அப்பாவின் கையெழுத்து. உன் அம்மாவின் பிறந்தநாளுக்குத் தரலாம் என்று முன்பே பிரதி போட்டு வைத்திருந்தேன். அதற்குள் அவள் தொலைபேசியில் அப்படிப் பேசிவிட்டாள். அத்தை கேமராவைப் பார்க்கவில்லை, கையில் இருக்கும் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறாள். தாடை வேறு மாதிரிதான். கண் மட்டும் அப்படியே லௌகா.

அழாதே, சிக்னி. எடுத்துக்கொள். யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, எங்கே வேண்டுமானாலும் போடு. கீழே என் பெயர் இருந்தால் போதும். இடம் போதாவிட்டால் அப்பாவின் பெயரை எடுத்துவிடு.