எட்டாவது இதழ்

கூச்சப்படாம உள்ள உக்காருங்க சார். அலமாரி வாங்க வந்தவன உள்ள உக்காரச் சொல்றானேன்னு பாக்குறீங்களா? இது அலமாரியே இல்ல சார். சர்ச்சுல பாவமன்னிப்பு கேக்குற கூண்டு. நான்தான் மேல மட்டும் தட்டு அடிச்சு அலமாரின்னு விக்கிறேன். அந்தப் பழைய சர்ச்ச இடிச்சப்ப நானும் என் வீட்டுக்காரியும் போய், ஒவ்வொரு ஆணியா பிடுங்கி எடுத்துட்டு வந்தோம். தட்டிப் பாருங்க, அசல் தேக்கு. கணீர்னு கேக்குதா?

இருங்க, நான் அந்தப் பக்கமா வந்துடுறேன். ஸ்... இந்த முட்டி வேற. ம், இப்பப் பேசுறது கேக்குதா? நடுவுல சல்லடை மாதிரி பலகை, அதான் மூஞ்சி தெரியல. பாதிரியாருக்கு நல்ல வசதி, கேட்டுக்கிட்டே கொட்டாவி விட்டுக்கலாம்.

விலையா? சொல்றேன் சார், என்ன அவசரம்?

பூவா? கண்ணுல பட்டுடுச்சா! மத்ததெல்லாம் அந்தக் காலத்து வேலை. ஓரத்துல இருந்த பூவக் கரையான் தின்னுடுச்சு, அத மட்டும் நான் புதுசா செதுக்கினேன். எட்டு இதழ். கடைசி இதழுக்கு உளி வச்ச நேரம், என் வீட்டுக்காரி வீட்டுக்குள்ளேருந்து கூப்பிட்டா.

அவ எல்லாத்துக்கும் கூப்பிடுவா சார். டப்பா மூடி திறக்கலன்னா கூப்பிடுவா, சுவத்துல பல்லி நின்னா கூப்பிடுவா. போட்டது போட்டபடி ஓடினா, சும்மாதான் கூப்பிட்டேன்னு சிரிப்பா. செதுக்கும்போது நடுவுல எந்திரிச்சா கை ஓட்டம் மாறிடும். அதனால, ஒரு இதழ்தான், இதோ வர்றேன்னேன். மறுபடி கூப்பிட்டா, மெதுவா. வர்றேன்னு சொல்றேன்லன்னு கத்திட்டேன். அப்புறம் கூப்பிடல. அப்பாடான்னு உக்காந்து முடிச்சேன்.

கால் மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாங்கன்னார் டாக்டர். அந்த இதழுக்கு ஆனது இருபது நிமிஷம் சார். பிள்ளைங்ககிட்ட, அப்பா வெளிய போயிருந்தேன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுங்களும் பாவம், அத நம்பிக்கிட்டு எனக்கே ஆறுதல் சொல்லுதுங்க.

சார்? இருக்கீங்கல்ல?

விலையெல்லாம் நீங்க சொல்றதுதான். அதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நீங்க உக்காந்திருக்கிறது பாதிரியார் இடம். நான் இந்தப் பக்கம் மண்டி போட்டிருக்கேன்.