பழசை ரோட்டில் போடக் கூடாது

மணி எட்டரை இருக்கும். ஏரிக்கரை ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரக்காடு. பேருக்குக்கூட ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. மழை விட்டுவிட்டது, மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. இரண்டு சைக்கிள்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தன...

அந்த ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது எனக்கு நடந்ததல்ல. அச்சகத்தில் என்னோடு வேலை பார்க்கிறவனின் அண்ணனுக்கு நடந்தது. மனிதர் லிஃப்ட் மெக்கானிக். சைக்கிள் ஓட்டுகிற கூட்டத்தில் அவருக்கு 'மூட்டை' என்று பேர். முனை வரைக்கும் போய் வருவதென்றாலும் அந்தப் பை இல்லாமல் கிளம்ப மாட்டார். டியூப், டயர் கழற்றும் லீவர், கைப்பம்பு, பஞ்சர் ஒட்டுகிற பசை, செயினுக்கு இணைப்புக் கண்ணி, பிரேக் கேபிள், ஸ்பேனர்... "இன்னும் ரெண்டு சக்கரம் போட்டீங்கன்னா அந்தப் பையிலயே ஏறிப் போயிடலாம்" என்று கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்தவன்தான் முதலில் பஞ்சராகி நிற்பான். மூட்டை முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுப்பார்.

அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. ரோட்டில் நிற்கிறவனைத் தாண்டிப் போகக் கூடாது. கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. புதுசைக் கொடுத்தால், கழற்றிய பழசை ரோட்டில் போட விடாமல் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அதில் மட்டும் மகா பிடிவாதம்.

அன்றைக்குக் கூட வந்தவன் அவர் மனைவியின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவனிடம் ஒரு ஸ்பேனர்கூடக் கிடையாது. "மாமா இருக்கும்போது எனக்கு எதுக்கு?" என்பான். அக்காவும் தம்பியும் அப்பா அம்மா இல்லாமல் வளர்ந்தவர்கள். கிளம்பும்போது அவள் வாசல் வரை வந்து, "எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன். இருட்டுறதுக்குள்ள பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள். மழை பிடித்துக்கொண்டது. இருட்டிவிட்டது.

முதல் வளைவில் ஒருவன் நின்றான்.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தான். விளக்கு இல்லை. தலை குனிந்தபடி இருந்ததால் முகம் தெரியவில்லை. பஞ்சர் பசை வாசனை அடித்தது, அதோடு சேர்ந்து கிணற்றுச் சேற்று நாற்றம்.

"டியூப் இருக்கா?"

மூட்டை பையைத் திறந்து கொடுத்தார். அவன் இருட்டிலேயே மாற்றினான். பழையதை அவர் கேட்பதற்கு முன்னால் அவனே நீட்டினான். கையில் வாங்கினால்... தோல் மாதிரி விறைத்துப்போன டியூப். உள்ளே தண்ணீர் குலுங்கியது. எத்தனை வருஷத்துப் பழசோ. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மிதித்தார்.

"மாமா, அந்த ஆளு ஒரு மாதிரி இல்ல?" என்றான் மச்சினன்.

"பேசாம மிதி மாப்ள."

அடுத்த வளைவு. அவனே நின்றான்.

அவர்களைத் தாண்டி யாரும் போகவில்லை. அது ஒற்றை ரோடு, குறுக்கு வழி கிடையாது. அதே கவிழ்த்த சைக்கிள். அதே குனிந்த தலை.

"செயின் கண்ணி இருக்கா?"

மூட்டை நிற்காமல் போய்விடத்தான் நினைத்தார். ஆனாலும் பழக்கதோஷம், கை தானாகப் பைக்குள் போனது. கொடுத்தார். பதிலுக்கு வந்தது துருவேறிய ஒரு கண்ணி. ஐஸ்கட்டியைத் தொட்டதுபோல விரல் மரத்துப்போனது. பின்னால் மச்சினனின் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

இருவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தார்கள். மூட்டை முன்னால், அவன் பின்னால். ஏரி முடியப்போகிறது, தூரத்தில் ஊர் வெளிச்சம்கூடத் தெரிந்துவிட்டது. அப்போது சைக்கிள் விளக்கொளியில்... ரோட்டின் நட்டநடுவில்...

இந்த முறை சைக்கிள் கவிழ்ந்து கிடக்கவில்லை. நேராக நிறுத்தியிருந்தான். டியூப் மாற்றியாயிற்று, செயின் மாட்டியாயிற்று. ஓட்டுவதற்கு ஆள் ஏறவேண்டியதுதான் பாக்கி. அவன் மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

மூட்டை அந்த முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். பையைக் கழற்றி வீசினார்.

"என்ன வேணுமோ எடுத்துக்கோங்க! எங்களை விட்டுடுங்க!"

தவளைகூடக் கத்தவில்லை.

"சரி" என்றது குரல். பிறகு, ரொம்பத் தன்மையாக, "பழசை ரோட்டுல விட்டுட்டுப் போயிடாதீங்க... வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் திரும்பிப் பார்க்காமல் மிதித்தார். "மாப்ள! வர்றியா?" என்று கத்தினார். "வர்றேன்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. அப்பாடா என்று இருந்தது. மச்சினனின் சைக்கிள் சத்தமும் கூடவே வந்தது. பெடல் மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரம் டிக்டிக்டிக் என்று ஓடுமே, அந்தச் சத்தம். ஊருக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது. மூட்டை மூச்சிரைக்க நின்று மிதித்து ஏறினார். பின்னால் அந்த டிக்டிக் நிற்கவே இல்லை. மிதிக்காமல் எந்தச் சைக்கிள் மேடு ஏறும்?

அவர் அதை யோசிக்க விரும்பவில்லை.

வீட்டில் அவள் கதவைத் திறந்தாள். கோபமாக இருந்தாள், தம்பியைக் கண்டதும் கோபம் போய் அவன் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்திலேயே விட்டுவிட்டாள். சமையலறைக்குள் போனாள். மூட்டை பின்னாலேயே போனார். அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருங்க அது?"

"என்ன கேக்கிற? உன் தம்பி."

"மூஞ்சி அவன் மூஞ்சிதான். கை... தண்ணியிலயே கிடந்த கை மாதிரி இருக்குங்க. தோல் என் கையோட வருது." அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "என் தம்பியை எங்க விட்டீங்க?"

கூடத்தில் அது சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டிருந்தது. உட்காரவில்லை. இன்றுவரை உட்காரவில்லையாம். கண்ணாடிக் கடையிலிருந்து ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள், "வர்றேன்" என்றதோடு சரி. நின்ற இடத்தில் தரை ஈரமாகவே இருக்கிறது. எத்தனை தடவை துடைத்தாலும் ஊறுகிறது. அவள் படுக்கையறையை உள்ளே தாழ்ப்போட்டுக்கொண்டு, "எனக்கு என் தம்பி வேணும்" என்று இரவெல்லாம் அழுகிறாள்.

மூட்டை ஒருநாள் தனியாக அந்த ரோட்டுக்குப் போனார். புதுப் பை, பை நிறையச் சாமான். அந்த முதல் வளைவில் ஒரு சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவன் போட்டிருந்தது மச்சினனின் மஞ்சள் மழைச்சட்டை.

"மாமா..." அவன் குரல்தான். அழுகிற குரல். "யாருமே நிக்க மாட்டேங்கறாங்க மாமா. ரொம்பக் குளிருது."

"வா மாப்ள, போயிடலாம்! ஏறு!"

"சும்மா வர முடியாது மாமா. இங்க ஒருத்தன் இருந்தே ஆகணும்."

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு. எல்லாம் கொண்டாந்திருக்கேன்!"

அவன் பையைப் பார்க்கக்கூட இல்லை. மூட்டைக்குப் பின்னால், காலியாகக் கிடந்த ரோட்டைப் பார்த்தான்.

"நீங்க மட்டும் தனியாவா வந்தீங்க?"

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தை என்னோடு வேலை பார்க்கிறவனும் சொல்லவில்லை. நேற்று மூட்டையே அச்சகத்துக்கு வந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார், ஆனால் சிரித்த முகமாகத்தான் பேசினார். வருகிற சனிக்கிழமை ஏரிக்கரை ரோட்டில் சைக்கிளில் போகிறாராம். துணைக்கு ஒரே ஒரு ஆள் வேண்டுமாம். சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும், ஒன்றும் கொண்டுவர வேண்டாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

எனக்கு முட்டிவலி, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "அப்ப வேற யாரையாவது கேட்டுச் சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்... விடவே இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். உங்களில் யாருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும்?